ரோஸ் கல்லுத் தோடும் மாணிக்கக் கதைகளும்



நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் வருகிற நம் தாய்மார் பலர், ஊர் திரும்பியதும் நம்மிடம் கேட்பது தேரைப் பற்றி அல்ல, தோட்டைப் பற்றி! யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் வரிசையாக நகைக்கடைகள். ரோஸ் நிறக் கல் வைத்த தோடு கண்ணைப் பறிக்கிறது. ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே மாதிரி வேலை. ஆனால் ஒரு கடையில் ஒரு விலை, பக்கத்துக் கடையில் அதைப் போல் இரண்டு மடங்கு, மூன்றாவது கடையில் கல்லுக்கு வேறாக ஒரு விலை. "என்னங்க ஐயா, மூணும் ஒண்ணு போலத்தானே இருக்கு, எவன் ஏமாத்துறான்?" என்று கேட்கிறார்கள்.

மூன்று பேருமே ஏமாற்றாமல் இருக்கலாம். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் அவை மூன்று வேறு பொருள்களாக இருக்கக்கூடும். நகை என்பது நமக்கு வெறும் அலங்காரம் இல்லை. லயத்துக் குடும்பத்துக்கு அதுதான் பாங்கு, அதுதான் காப்புறுதி. பிள்ளையின் பரீட்சைக் கட்டணமோ, ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் முதலில் கழற்றுவது காதில் இருப்பதைத்தான். ஆகவே அந்தக் கல் எது, அதைச் சுற்றி நம்மவர்கள் சொல்லிவரும் கதை எது, அதில் காசு எது என்பதை இந்த இதழில் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நிறம் ஒன்று, கல் பல

நம் பக்கம் சிவப்பாகவோ ரோஸாகவோ இருக்கிற எல்லாக் கல்லையும் "செவப்புக்கல்லு" என்போம். கொஞ்சம் மதிப்பாகச் சொல்ல வேண்டுமானால் "கெம்பு" என்போம். கெம்பு என்றால் கன்னடத்தில் சிவப்பு, அவ்வளவுதான். நிறத்தின் பெயரே கல்லின் பெயராகிவிட்டதால் வந்த வினைதான் பாதிக் குழப்பம்.

ரோஸ் நிறத்தில் கிடைக்கும் கற்களில் உயர்ந்தது மாணிக்கத்தின் இனத்தைச் சேர்ந்த கல். கடும் சிவப்பாக இருந்தால் மாணிக்கம். வெளிறி ரோஸாக இருந்தால் வியாபாரிகள் அதை இளஞ்சிவப்பு நீலக்கல் என்ற விநோதமான பெயரில் விற்கிறார்கள். நீலமே இல்லாத கல்லுக்கு நீலக்கல் என்று ஏன் பெயர் என்று கேட்டால், இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதுதான் பதில். எந்த இடத்தில் ரோஸ் முடிந்து சிவப்பு தொடங்குகிறது என்பதில் உலகச் சந்தையிலேயே இன்னும் வாய்ச்சண்டை உண்டு.

அடுத்தது ஸ்பினல். இது வேறு சாதிக் கல், ஆனால் மாணிக்கத்தோடு ஒரே குழியில் கிடைக்கும். எத்தனையோ நூற்றாண்டுகளாக ராஜாக்களே இதை மாணிக்கம் என்று நம்பியிருக்கிறார்கள். இங்கிலாந்து அரசரின் கிரீடத்தில் முன்பக்கம் "கறுப்பு இளவரசரின் மாணிக்கம்" என்று பெரிய சிவப்புக்கல் ஒன்று இருக்கிறது. 2023இல் மன்னர் சார்ள்ஸ் முடிசூடிய நாளிலும் தலையில் வைத்துக்கொண்டு போனார். அது மாணிக்கமே இல்லை, ஸ்பினல்தான். ராஜா வீட்டிலேயே அப்படி என்றால் நாம் தடுமாறுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பிறகு துரமலி. தோரமல்லி என்ற சிங்களச் சொல்லில் இருந்துதான் இங்கிலீசுக்காரர்கள் இந்தக் கல்லுக்குப் பெயர் வைத்தார்கள். சூடாக்கினால் சாம்பலைத் தன் பக்கம் இழுக்கும் குணம் இதற்கு உண்டு; ஒல்லாந்தர் இதைக் கண்டு வியந்திருக்கிறார்கள். இன்னும் மலிவானது ரோஸ் பளிங்கு. யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போகிறவர்கள் தம்புள்ளையைத் தாண்டி மடாட்டுகமப் பக்கம் போவீர்கள் அல்லவா? அங்கே நாமல் உயன என்ற இடத்தில் மலையே ரோஸ் பளிங்குதான். பார்க்க அழகு. ஆனால் பாதுகாக்கப்பட்ட இடம்; கல் பொறுக்கிக்கொண்டு வரப்படாது.

இவை எல்லாம் மண்ணில் விளைந்தவை. இவற்றோடு கண்ணாடி, சிர்கோனியா என்று சொல்லும் செயற்கைக் கல், தொழிற்சாலையில் செய்த கெம்பு ஆகியவையும் சேரும். கடைத்தெருவில் நாம் பார்க்கும் ரோஸ் கல்லுத் தோடுகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகைதான்.

கவ்வாத்துக் கத்தியும் மாணிக்கமும்

மாணிக்கமும் நீலமும் ஒரே தாயின் பிள்ளைகள் என்றோமே, அந்தத் தாய்க்குப் பெயர் குருந்தம். இங்கிலீசில் இந்தக் கல்லுக்கு இருக்கிற பெயரே நம் தமிழ்ச் சொல்லில் இருந்து போனதுதான். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லலாம். அழகில்லாத குருந்தத்தைப் பொடி செய்து அரக்கில் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் சாணை பிடிக்கும் கல் செய்தார்கள். இன்று நாம் கவ்வாத்துக் கத்தி தீட்டுகிற கற்கள் பலவற்றிலும் இருப்பது அதே சரக்கு, தொழிற்சாலையில் செய்தது. அதாவது கத்தி தீட்டும் கல்லும் ராணியின் மோதிரத்துக் கல்லும் ஒரே குடும்பம்!

குருந்தம் என்பது அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. சுத்தமாக இருந்தால் தண்ணீர் போல நிறமே இருக்காது. அதில் குரோமியம் என்ற உலோகம் ஒரு துளி கலந்தால் ரோஸ். இன்னும் கொஞ்சம் கூடினால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். தேநீரில் பால் ஒரு துளி கூடினால் குறைந்தால் நிறம் மாறுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1960இல் அமெரிக்காவில் மெய்மன் என்பவர் உலகின் முதல் லேசர் ஒளியை உண்டாக்கியபோது அவர் பாவித்தது இப்படியொரு ரோஸ் நிறக் கெம்புத் துண்டுதான். அதுவும் தொழிற்சாலைக் கெம்பு.

கடினத்தில் வைரத்துக்கு அடுத்தபடி இதுதான். வைரம் 10 என்றால் குருந்தம் 9, ஸ்பினல் 8, பளிங்கு 7, கண்ணாடி ஐந்தரை போல. நம் பெண்கள் வருஷக்கணக்காகப் போட்ட தோட்டில் கல்லின் முகம் கீறிக் கீறி மங்கிப்போனால் அது குருந்தம் இல்லை என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் ஒரு கல்லை வேண்டுமென்றே கீறிப் பார்க்கிற வேலை வேண்டாம். நல்ல கல்லையும் கெடுத்துவிடுவோம், கடைக்காரனும் சும்மா விடமாட்டான்.

கல் மலையில், வேலை யாழ்ப்பாணத்தில்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு மாணிக்கமும் விளையாது. அது சுண்ணாம்புக்கல் பூமி. ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்த தரை. அங்கே ஆறு என்று சொல்ல மழைக்காலத்தில் ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான். மாணிக்கமோ பூமியின் அடியில் பெரிய சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்த பழைய பாறையில் உண்டாகிறது. அந்தப் பாறை நம் மலைநாட்டில்தான் இருக்கிறது. மழையும் ஆறும் கோடிக்கணக்கான வருஷமாக அதைக் கரைத்துக் கீழே கொண்டுபோய், இரத்தினபுரி, பலாங்கொடை, எலஹெர, ஒக்கம்பிட்டிய போன்ற இடங்களில் சரளை மண்ணாகப் படிய வைத்திருக்கிறது. அந்தச் சரளையைத்தான் இல்லம் என்கிறார்கள். குழி வெட்டி இல்லத்தை எடுத்து, கூடையில் இட்டுத் தண்ணீரில் சுழற்றிக் கழுவினால், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கல் மின்னும்.

இலங்கையில் கடும் சிவப்பு மாணிக்கம் அபூர்வம்; பர்மாவின் மொகொக் பக்கம்தான் அதற்குப் பெயர் போனது. நம் மண்ணில் அதிகம் கிடைப்பது இந்த ரோஸ் நிறம்தான்.

கல் இல்லாவிட்டாலும் கை யாழ்ப்பாணத்தில் இருந்தது. கன்னாதிட்டிப் பக்கத்துப் பத்தர்மார் தங்கத்தை மெல்லிய இழையாக இழுத்து, கல்லைச் சுற்றி அணைத்துக் கட்டுகிற வேலை பேர் போனது. கல் வைத்த அட்டியல், பதக்கம், தோடு, மூக்குத்தி எல்லாம் சீதனத்தோடு தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தவை. மலாயாவில் றெயில்வேயிலும் கந்தோரிலும் உத்தியோகம் பார்த்தவர்கள் அனுப்பிய காசும் அந்த நகைகளில் போய்ச் சேர்ந்தது. நாம் "ஒரு பவுண்" என்று சொல்கிறோமே, அது இங்கிலீசுக்காரனின் தங்க நாணயத்தின் கணக்கு. அந்த நாணயம் 7.98 கிராம், 22 கரட். அதையே நாம் 8 கிராம் என்று ஆக்கிக்கொண்டோம். அதற்கு முன் பத்தர்மார் நிறுத்தது குன்றிமணியாலும் மஞ்சாடியாலும். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி.

கதைகளில் வரும் மாணிக்கம்

மாணிக்கம் எப்படி உண்டாயிற்று என்று கருட புராணத்தில் ஒரு கதை இருக்கிறது. வலன் என்ற அசுரன் தேவர்களுக்காகத் தன் உடம்பையே வேள்விக்குக் கொடுத்தான். அவன் எலும்பு வைரமாயிற்று, பல் முத்தாயிற்று. இரத்தத்தைச் சூரியன் அள்ளிக்கொண்டு வானத்தில் போகும்போது இராவணன் வழி மறித்தானாம். சூரியன் பயந்து அதைக் கீழே ஓடிய ஆற்றில் போட்டுவிட்டான். அந்த ஆறு இராவண கங்கை. அது ஓடியது இலங்கையில். அதன் கரையில் கிடந்த இரத்தத் துளிகள்தான் மாணிக்கம். சீதா எலியவையும் எல்லவில் இராவணன் நீர்வீழ்ச்சியையும் பார்த்த நமக்கு இந்தக் கதை சொந்தக்காரர் வீட்டுக் கதை போலத்தான் இருக்கிறது. கல் ஆற்று மணலில் கிடைக்கும் என்பதைப் பழையவர்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். அதற்கு ஒரு அசுரனையும் ஒரு சண்டையையும் சேர்த்துவிட்டார்கள்.

மதுரைத் திருவிளையாடலிலும் வலன் கதை வருகிறது. பாண்டியன் இறந்து கஜானாவும் களவு போய், இளவரசனுக்கு முடி செய்யக் கல் இல்லாமல் மந்திரிமார் தவித்தபோது, சிவபெருமானே இரத்தின வியாபாரியாக வந்து நவமணிகளைக் கொடுத்தாராம். மாணிக்கம் விற்ற படலம் என்று அதற்குப் பெயர். அதில் ஒவ்வொரு கல்லின் இனம், குற்றம், குணம் எல்லாம் கடவுளே விளக்குகிறார். வாங்குகிறவனுக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி விற்ற வியாபாரி அவர்!

யாழ்ப்பாணத்துக்கே உரிய கதை நயினாதீவுக் கதை. மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இந்த நயினாதீவுதான் என்று பலரும் சொல்லுகிறார்கள். மணி பதித்த ஒரு ஆசனத்துக்காக நாக அரசர் இருவர் அங்கே சண்டை போட்டார்கள், புத்தர் வந்து சண்டையைத் தீர்த்தார் என்பது கதை. மகாவம்சமும் இதே கதையைச் சொல்கிறது. தமிழ்ப் புத்தகமும் பாளிப் புத்தகமும் ஒரே தீவில், ஒரே இரத்தின ஆசனத்தில் வந்து நிற்பது அபூர்வம். இன்றைக்கும் அங்கே நாகபூசணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பாம்பு தலையில் மாணிக்கம் வைத்திருக்கும், இருட்டில் அதைக் கக்கி வெளிச்சத்தில் இரை தேடும் என்று நம் பாட்டிமார் சொல்வதும் இந்த நாகர் கதைகளின் உறவுதான். பாம்பின் தலையில் கல் கிடையாது. அப்படி யாராவது நாகமாணிக்கம் கொண்டுவந்து விற்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கதை இல்லாமல் நேரில் பார்த்தே எழுதியவர் ஒருவரும் உண்டு. மொரோக்கோ தேசத்து இபின் பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளம் பக்கம் கண்டார். அரசரிடம் உள்ளங்கை அளவில் மாணிக்கக் கிண்ணம் ஒன்று இருந்ததாம். அதில் அகில் எண்ணெய் வைத்திருந்தாராம். இவர் வாய் பிளந்து பார்த்தபோது, இதைவிடப் பெரிசும் எங்களிடம் உண்டு என்று அரசர் சொன்னாராம். இந்த நாட்டுப் பெண்கள் எல்லாம் நிறம் நிறமான கல் கோத்த மாலையும், கையில் காலில் கல் வைத்த அணியும் போடுகிறார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். உள்ளங்கை அளவு மாணிக்கத்தைக் குடைந்து கிண்ணம் செய்வது நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சிவப்பாக இருந்த வேறு கல்லாகவும் இருந்திருக்கலாம் என்பது நம் எண்ணம். ஆனால் 680 வருஷத்துக்கு முன்பே யாழ்ப்பாணத்து ராஜாவின் பெருமை சிவப்புக்கல்லில் இருந்தது என்பது மட்டும் தெரிகிறது.

கண்ணகி கதையை மறக்க முடியுமா? பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்ததும் மாணிக்கம் தெறித்தது, வழக்கு தீர்ந்தது. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு எங்கும் கண்ணகி அம்மனுக்குக் கோயில் இருக்கிறது. இந்தக் கதையை நாம் வேறு விதமாகவும் பார்க்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று முதலிலேயே ஒருவர் சோதித்துப் பார்த்திருந்தால் கோவலன் உயிர் போயிருக்காது.

ஒரு சில மணி நேரத்தில் விளையும் கெம்பு

1902இல் பாரிசில் வெர்னோய் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, அலுமினிய ஒட்சைட்டுத் தூளோடு குரோமியம் கலந்து, கொடிய நெருப்புச் சுவாலையில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக விழவைத்துக் கெம்பு செய்யும் முறையை வெளியிட்டார். பூமி கோடிக்கணக்கான வருஷத்தில் செய்ததை அவர் ஒரு சில மணி நேரத்தில் செய்தார். நம் தாத்தாமாரின் கைக்கடிகாரத்தில் "17 ஜுவல்ஸ்" என்று போட்டிருக்கும், நினைவிருக்கிறதா? உள்ளே சக்கரம் தேயாமல் இருக்க வைத்த பொட்டுப் பொட்டான கற்கள் அவை. பெரும்பாலும் இந்தத் தொழிற்சாலைக் கெம்புதான்.

இதை நாம் போலி என்று முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. சரக்கு ஒன்றுதான், கடினமும் ஒன்றுதான், நிறமும் போகாது. நாட்டியப் பிள்ளைகள் அரங்கேற்றத்துக்குப் போடும் கெம்பு செட்டிலும் இப்படியான மலிவுக் கற்கள்தான். தினம் போடுகிற தோட்டுக்கு அது தாராளமாகப் போதும். யாழ்ப்பாணத்தில் நல்ல கடைக்காரர்கள் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்: "உது சிந்தெற்றிக் அம்மா, ஒறிஜினல் எண்டால் விலை வேறை." அதையே மலையில் விளைந்தது என்று சொல்லி அந்த விலைக்கு விற்றால்தான் மோசடி.

இயற்கைக் கல்லிலும் ஒரு விஷயம் உண்டு. ரோஸ் கல்லில் கொஞ்சம் ஊதா கலந்து அழுக்காகத் தெரிந்தால், நம் நாட்டில் பழைய காலத்திலிருந்தே கரி நெருப்பில் வைத்து, குழாயால் ஊதிச் சூடாக்கி அந்த ஊதாவைப் போக்குவார்கள். இது ஒத்துக்கொள்ளப்பட்ட வழக்கம். ஆனாலும் சூடு காட்டாத கல்லுக்கு விலை அதிகம் என்பதால், சூடு காட்டியதா என்று வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டும். தாமரைப் பூவைப் போல ரோஸும் ஆரஞ்சும் கலந்த கல்லுக்குப் பத்மராகம் என்று பெயர். வெளிநாட்டுக்காரர் பத்பராட்சா என்கிறார்கள். இலங்கைக்குப் பேர் வாங்கித் தந்த கல், விலையும் அதற்கேற்றபடி. 2001ஆம் ஆண்டளவில் தாய்லாந்தில் பெரிலியம் என்ற பொருளைக் கல்லுக்குள் ஊற வைத்துச் சாதாரணக் கல்லைப் பத்மராகம் போல ஆக்கி அனுப்பினார்கள். பெரிய பெரிய ஆய்வுகூடங்களே கொஞ்ச காலம் திணறின. ஆகவே கண்ணால் பார்த்தே சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் அவர் ஆய்வுகூடத்தை விடப் பெரியவர் என்று அர்த்தம்!

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி இருந்தால் உள்ளே பாருங்கள். உருண்டையாகக் காற்றுக்குமிழ் தெரிந்தால் கண்ணாடி அல்லது தொழிற்சாலைக் கல். மெல்லிய ஊசி போன்ற கோடுகள், சின்னப் பளிங்குத் துணுக்கு தெரிந்தால் இயற்கையாக இருக்கக்கூடும். சிலர் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கில் காட்டி, "பார், சிவப்பாக ஒளிவிடுகிறது, ஒறிஜினல்" என்பார்கள். இயற்கைக் கல்லும் ஒளிவிடும், தொழிற்சாலைக் கல் அதைவிட நன்றாகவே ஒளிவிடும். அதை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

கரட் இரண்டு, கணக்கும் இரண்டு

நம் ஆட்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். தங்கத்துக்குச் சொல்லும் கரட் தரம்: 24 கரட் முழுத் தங்கம், 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். கல்லுக்குச் சொல்லும் கரட் நிறை: 5 கரட் சேர்ந்தால் 1 கிராம். சொல் ஒன்று, பொருள் வேறு.

ஒரு சோடி தோடு தராசில் 8 கிராம் காட்டுகிறது என்று வைப்போம். அதில் கல் மட்டும் 1.2 கிராம். வாங்கும்போது 8 கிராமுக்கும் தங்க விலை போட்டால், மலிவான தொழிற்சாலைக் கல்லுக்குத் தங்கத்தின் விலை கொடுத்தவர்களாகிறோம். பிறகு ஒரு அவசரத்துக்கு அதே தோட்டை அடகு வைக்கப் போனால், பாங்கிலே உரைகல்லில் உரசிப் பார்த்து, கல்லைக் கழித்து 6.8 கிராமுக்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள். கல்லுக்கு ஒரு சதமும் இல்லை. பின்பக்கம் மூடின பழைய மாதிரி நகையானால் உள்ளே அரக்கும் இருக்கும், அதையும் கழிப்பார்கள். போன இடத்தில் நின்று, "வாங்கும்போது ஒரு பவுண்தானே சொன்னாங்க" என்று அழுது பலன் இல்லை.

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி பக்கம் இடம்பெயர்ந்தார்கள். வீடு வாசலை விட்டு நடந்தவர்களுக்குக் கையில் கொண்டுபோகக்கூடியதாக இருந்தது நகைதான். கலவரக் காலங்களில் மலையை விட்டு வன்னிக்குப் போன நம் சொந்தங்களுக்கும் அப்படித்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் நாமும் அடகுக் கடை வாசலில் நின்றோம். அந்த மாதிரி நாளில் சோறு போடுவது தங்கத்தின் நிறை. ஆகையால் சேமிப்புக்கு என்று வாங்குவதானால் கல் இல்லாத நகை வாங்குவதே நல்லது. கல்லுத் தோடு ஆசைக்கு. ஆசைக்கு வாங்குவது தப்பில்லை, ஆனால் இது ஆசைக்கு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

நாம் வேலை பார்த்த ஒரு பிரிவில் ஒரு குடும்பம். மகனுக்கு வேலை சரிவரவில்லை, சூரியன் பலம் இல்லை, மாணிக்கம் போட்டால் எல்லாம் சரியாகும் என்று வெளியில் இருந்து வந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்பா சேமலாபநிதியில் வந்த காசிலிருந்து எடுத்து ரோஸ் கல் மோதிரம் ஒன்று அவரிடமே வாங்கினார்கள். பில் இல்லை. எட்டு மாதம் கழித்து அம்மாவின் ஆபரேசனுக்காக மோதிரத்தை அடகுக்குக் கொண்டுபோனபோது, கல் கண்ணாடி, மோதிரம் வெள்ளிக்கு மேல் தங்க முலாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் போனது தாலிக்கொடி. சூரியனுக்கு மாணிக்கம் என்பது நவரத்தின சாஸ்திரத்தில் பழைய வழக்கம்தான். நம்பிக்கை உள்ளவர்கள் போடட்டும், அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் பலன் சொல்லுகிறவரும் கல் விற்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

கல் கறுத்தால் பயம் வேண்டாம்

"தோட்டுல கல்லு மங்கிப்போச்சு, வீட்டுக்காரருக்கு ஏதும் ஆகுமோ" என்று பயந்து வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். ஒன்றும் ஆகாது. மூடிக் கட்டிய நகையில் கல்லுக்குப் பின்னால் பளபளப்புக்காக மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். மழையில் நனைந்து நனைந்து கொழுந்து எடுக்கிற நமக்கு, உள்ளே தண்ணீர் இறங்கித் தகடு கறுத்துவிடும். கல் அப்படியேதான் இருக்கும். பத்தரிடம் கொடுத்தால் கழற்றி, தகடு மாற்றிக் கட்டிக் கொடுப்பார். இப்படியான நகையைத் தண்ணீரில் ஊறப்போடாமல் ஈரத்துணியால் துடைத்து உடனே காயவைக்க வேண்டும். மலைக்குப் போகிற நாளில் கழற்றி வைப்பது இன்னும் நல்லது. பின்பக்கம் திறந்திருக்கிற நகையானால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டு மெல்லிய பிரஸ்ஸால் தேய்க்கலாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கல்லோடு நிறை எவ்வளவு, கல் இல்லாமல் தங்கம் எவ்வளவு, எத்தனை கரட், செய்கூலி எவ்வளவு, கல் இயற்கையா செயற்கையா, இயற்கையானால் சூடு காட்டியதா என்று எல்லாவற்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, காசு நம்முடையது. எழுத மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். பில் தராமலோ பொய் சொல்லியோ விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

விலை கூடிய கல் என்றால், காசு கொடுப்பதற்கு முன்பே சோதித்துப் பாருங்கள். 1993இன் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபைக்குக் கொழும்பில் ஆய்வுகூடம் இருக்கிறது. அங்கே கல்லையும் பார்ப்பார்கள், தங்கத்தின் தரத்தையும் பார்ப்பார்கள். நாள் ஒன்று செலவாகும், சம்பளம் போகும், உண்மைதான். நாலைந்து மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்குகிற பொருளுக்கு அது பெரிசில்லை.

இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடையில் கல் கிடக்கிறது என்று இரவில் குழி வெட்டப் போகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன அதே அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டுவது குற்றம். அதோடு ஓடைக்கரைக் குழி மழைக்கு இடிந்து விழும். தற்செயலாக ஒரு கல் கையில் கிடைத்தாலும், வழியில் வரும் முதல் ஆளுக்கு ஆயிரம் ரூபாவுக்கு விற்றுவிட்டு வராதீர்கள். நலன்புரி அலுவலகத்துக்கு வந்து கேளுங்கள். யாரிடம், எப்படிக் காட்டலாம் என்று நாம் சொல்லுகிறோம். பழைய தோட்டின் பில்லை வைத்துக் கணக்குப் பார்க்கத் தெரியாதவர்களும் பில்லோடு வரலாம், சனிக்கிழமை காலையில் இருப்போம்.